அவைக்குறிப்பில் ஒரு பெயர்

இரா. செழியன் என்ற பெயரைத் தென்சென்னையின் எந்தத் தெருப்பலகையிலும் நான் பார்த்ததில்லை. 1984 டிசம்பரில் இந்தத் தொகுதியில் நின்று தோற்றவர் அவர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாக்குக் கேட்டு வந்தார். மக்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இருந்தும், நாடாளுமன்றம் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் வென்றவர்களுக்கு முன்னால் இந்தத் தோற்றவரின் நினைவுதான் எனக்கு வருகிறது.

இந்தக் குறிப்புகள் அவரைப் பற்றியவை. அவையில் ஒருவர் பேசிய சொல் பிறகு எங்கே போகிறது, யார் அதைக் காக்கிறார்கள் என்ற கேள்வியைப் பற்றியவையும்கூட.

*

திருக்கண்ணபுரம், நாகப்பட்டினம் பக்கத்து ஊர். சௌரிராசப் பெருமாள் கோயில் இருக்கும் திவ்ய தேசம். அங்கே 1920இல் பிறந்தார் அண்ணன். 1923 ஏப்ரல் 28ஆம் தேதி பிறந்தார் தம்பி. இருவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். இருவரும் திராவிட இயக்கத்துக்கு வந்தார்கள், அண்ணாவைத் தலைவராக ஏற்றார்கள். அண்ணன் நாவலர் நெடுஞ்செழியன் ஆனார். 1969இலும் 1987இலும், முதல்வர் மறைந்த இரண்டு நெருக்கடிகளில், சில நாட்கள் தமிழ்நாட்டின் பொறுப்பைச் சுமந்தார். தம்பி செழியன் டெல்லிக்குப் போனார்.

மேடைப்பேச்சு கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது. கைதட்டல் உடனே வந்துவிடும். அவைப்பேச்சு அப்படியல்ல. பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும் பிற்பகலில், ஒரு மசோதாவின் ஏதோ ஒரு உட்பிரிவைப் பற்றி, எதிரே இருக்கும் அமைச்சர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது பேசவேண்டும். கேட்பவர் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் சுருக்கெழுத்தர் ஒருவர்தான். அவர் எழுதிக்கொள்கிறார் என்ற நம்பிக்கையில் பேசவேண்டும்.

1962இல் தி.மு.க.வுக்கு மக்களவையில் ஏழு இடங்கள். பெரம்பலூரிலிருந்து போன செழியன் அந்த எழுவரில் ஒருவர். 1967இலும் 1971இலும் கும்பகோணம் அவரை அனுப்பியது. பதினைந்து ஆண்டுகள் மக்களவையில் இருந்தார். பிறகு ஜனதா கட்சியில் சேர்ந்து, 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். அமைச்சர் பதவி எதையும் வகிக்கவில்லை. அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியை அவர் விதிகளைப் படிப்பதிலும் கணக்குகளைப் படிப்பதிலும் கழித்தார் என்றே அவைக்குறிப்புகள் காட்டுகின்றன.

*

கணக்கு படிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் நின்று யோசிக்கிறேன்.

அரசாங்கம் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்கூட்டியே நாடாளுமன்றம் அனுமதி தரவேண்டும். ஆண்டு முடிந்ததும் தணிக்கை அதிகாரி கணக்கைப் பார்த்து, எங்கே அனுமதியை மீறினார்கள், எங்கே வீணடித்தார்கள், எங்கே வாங்காத பொருளுக்குப் பணம் போனது என்று எழுதிக் குடியரசுத் தலைவரிடம் தருவார், அது அவையில் வைக்கப்படும். அந்தத் தடித்த புத்தகங்களை எல்லா உறுப்பினர்களும் படிக்க முடியாது. அதற்காகத்தான் பொதுக்கணக்குக் குழு. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர்கள் அதில் உறுப்பினராக முடியாது. துறைச் செயலாளர்களை அழைத்து எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு தணிக்கைக் குறிப்புக்கும் விளக்கம் கேட்பார்கள். குழு அறிக்கை தரும். அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் போதாது என்றால் மறுபடியும் கேட்பார்கள்.

1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரே அதன் தலைவராக இருக்கிறார். மினு மசானி, பிறகு வாஜ்பாய், அவருக்குப் பிறகு 1971 முதல் 1973 வரை இரா. செழியன்.

இது எவ்வளவு புகழற்ற வேலை என்பதை நினைத்துப் பார்க்கிறேன். இதற்குச் சுவரொட்டி இல்லை, மாலை இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் மாதக் கணக்கை உட்கார்ந்து பார்க்கும் ஒருவர் இருந்தால், பார்க்கிறார் என்பதாலேயே மற்றவர்கள் கை கொஞ்சம் இறுகும். குடியரசு பிழைத்திருப்பதில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

*

ஆழ்வார்பேட்டை வழியாகப் போகும்போது டி.டி.கே. சாலையின் பெயர் ஒரு வரலாற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முன்பு அது மௌப்ரேஸ் சாலை. டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் தென்சென்னையின் உறுப்பினர், நாட்டின் நிதியமைச்சர், நேருவுக்கு நெருக்கமானவர். அந்த ஆண்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களின் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. ஏன் வாங்கினார்கள் என்று மக்களவையில் விடாமல் கேட்டவர் ஆளுங்கட்சி உறுப்பினரே, பெரோஸ் காந்தி. பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா தலைமையில் திறந்த விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

ஒரு கேள்வி நேரம் இவ்வளவு செய்ய முடியும். கேட்டவரும் பதில் சொல்லவேண்டியிருந்தவரும் ஒரே கட்சியினர். கேள்வியை அடக்கிவைக்க வழிகள் இல்லாமல் இல்லை. ஆனால் கேள்வி அவைக்குறிப்பில் ஏறிவிட்டது. மறுநாள் செய்தித்தாளிலும் ஏறிவிட்டது.

அந்த இரண்டாவது ஏற்றத்துக்கும் பெரோஸ் காந்தியே வழிசெய்திருந்தார். அவையில் உறுப்பினர் சொன்னதை அச்சிடும் பத்திரிகைக்கு அவதூறு வழக்கிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1956இல் அது சட்டமானது. அவையின் சுவருக்குள் பேசப்பட்ட சொல் தெருவுக்கு வர அந்தச் சட்டம் கதவு திறந்தது.

*

அந்தக் கதவு மூடப்பட்ட காலத்தைப் பற்றி எழுதும்போது என் கை மெதுவாகத்தான் போகிறது.

1975 ஜூன் 25 இரவு அவசரநிலை. பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை. ஜூலை 21ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியபோது கேள்வி நேரம் இல்லை. உறுப்பினர்களில் பலர் சிறையில். அவசரநிலைக்கு ஒப்புதல் கேட்ட தீர்மானத்துக்கு மக்களவையில் ஆதரவாக 336 பேர், எதிராக 59 பேர் வாக்களித்தார்கள். தி.மு.க. எதிர்த்த பக்கத்தில் இருந்தது. செழியன் அந்தக் குரல்களில் ஒருவர். அந்த நாட்களில் எதிர்ப்பாகப் பேசியவர்கள் அனைவருக்கும் ஒன்று தெரியும்: நாளைக்குக் காலையில் இது எந்தத் தாளிலும் வராது. கும்பகோணத்தில் வாக்களித்தவருக்குத் தம் உறுப்பினர் என்ன சொன்னார் என்று தெரியப்போவதில்லை.

1975 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் பெரோஸ் காந்தியின் சட்டத்தை நீக்கியது. அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நீக்கியது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு.

கேட்க யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் ஏன் எழுந்து பேசவேண்டும்? இந்தக் கேள்வி என்னைப் பல இரவுகள் விடவில்லை. நான் வந்து சேர்ந்த பதில் எளிது. சுருக்கெழுத்தர் இருக்கிறார். அவர் எழுதுகிறார். இன்றைக்கு அச்சாகாதது என்றைக்கும் அச்சாகாது என்று யாரும் சட்டம் போட முடியாது.

*

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 வரை கொஞ்சம் மூச்சுவிட இடம் இருந்தது. அன்று மாநில அரசு கலைக்கப்பட்டது. அதன்பின் சென்னை மத்திய சிறை நிரம்பியது. தென்சென்னையின் உறுப்பினராக இருந்த முரசொலி மாறனும் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டார். சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு சிறையில் பட்ட அடியிலிருந்து மீளவில்லை. 1977 ஜனவரியில் இறந்தார். சிறையில் அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு அவருக்குப் பின்னும் நின்றது.

அந்தச் சிறையில் நடந்ததை விசாரித்தவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பனில் தோய்ந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தை முன்னின்று வளர்த்தவர். மயிலாப்பூரில் கம்பன் விழா நடக்கும் நாட்களில் அவர் பெயரைச் சொல்லாத பேச்சாளர் குறைவு. அவர் எழுதிய சிறை விசாரணை அறிக்கையையும் அதே மதிப்போடு நாம் நினைக்கவேண்டும். காவியத்தின் நுட்பத்தைக் கண்ட கண்கள், கொட்டடியில் கைதிகள் மீது விழுந்த அடிகளையும் ஒவ்வொன்றாகக் கண்டு எழுதின. இரண்டும் ஒரே ஒழுக்கத்திலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது: எழுதியிருப்பதை, நடந்ததை, கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது.

*

1977 மே 28இல் ஜனதா அரசு, அவசரநிலையில் நடந்த அத்துமீறல்களை ஆராய நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. நாடு முழுவதிலுமிருந்து புகார்கள் குவிந்தன. இரண்டு இடைக்கால அறிக்கைகளும், 1978 ஆகஸ்ட் 6இல் இறுதி அறிக்கையும் வந்தன. மூன்று தொகுதிகள், மொத்தம் 525 பக்கங்கள். மிசாவில் 34,988 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேர் பிடிபட்டார்கள் என்று அது கணக்குச் சொன்னது. இடிக்கப்பட்ட வீடுகள், கட்டாயக் கருத்தடை, தணிக்கை அலுவலர்களின் உத்தரவுகள், வாய்மொழியாகப் போன கட்டளைகள் என எல்லாம் அதில் இருந்தன.

1980இல் ஆட்சி மாறியது. அறிக்கை மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தது. பிரதிகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றே பலரும் நம்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு அந்த அறிக்கையைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். கையில் வைத்திருந்தவர்கள் சொற்பம்.

செழியனிடம் ஒரு பிரதி இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது வந்த தாள்களைத் தூக்கிப் போடாத மனிதர் அவர். 2010இல், ஏறக்குறைய 87 வயதில், தன் முன்னுரையோடு அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். வெளியிட்டது சென்னையின் ஆழி பதிப்பகம். தலைப்பிலேயே, இழந்ததும் மீட்டதும் என்று அவர் சொல்லியிருந்தார்.

அப்போது அவருக்குப் பதவி இல்லை, தொகுதி இல்லை, கட்சியின் பெரிய பலமும் இல்லை. அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கையின் மிகப் பெரிய செயல் இதுதான் என்று நான் எண்ணுகிறேன். அதைச் செய்தபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவே இல்லை.

*

பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. ஓலைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த மனிதரின் பெயரில், அவர் சேர்த்த சுவடிகளைக் காக்கும் இடம். சங்கப் பாட்டைக் காப்பதைத் தமிழர் புண்ணியமாக நினைக்கிறோம். அரசாங்க அறிக்கையைக் காப்பதை அப்படி நினைப்பதில்லை. அதில் அழகில்லை, சந்தமில்லை. பத்தி எண்களும் இணைப்புகளும்தான். ஆனால் யார் வீடு எந்த நாளில் யார் உத்தரவில் இடிக்கப்பட்டது என்ற செய்தி அதில்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு வேறு காவியம் இல்லை.

இந்த நூலகத்தை 1943இல் தொடங்கியவர் ருக்மிணி தேவி. அவரும் நாடாளுமன்றத்தில் இருந்தவர் என்பதை அடையாற்றுக்காரர்களே மறந்துவிடுகிறார்கள். 1952 முதல் 1962 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினர். விலங்குகள் வதைபடுவதைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960இல் சட்டம் வந்தது. இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. திரும்பப் பெற்ற மசோதாவைத் தோல்வி என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அவையில் ஒருமுறை சொல்லப்பட்ட சொல் தன் வேளைக்காகக் காத்திருக்கும் என்பதற்கு அது சாட்சி.

*

1984 தேர்தலை நேர்மையாகப் பார்க்கவேண்டும். இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம் ஆகவில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில். காங்கிரஸ் தென்சென்னையில் நடிகையும் நடனக் கலைஞருமான வைஜயந்திமாலாவை நிறுத்தியது. எதிரே ஜனதாவின் செழியன். என்னை லோக்சபாவுக்கு அனுப்புங்கள், அவரை ஆர்.ஆர். சபாவுக்கு அனுப்புங்கள் என்ற பொருளில் செழியன் பிரசாரம் செய்ததாகச் சொல்கிறார்கள். மயிலாப்பூர் சுந்தரேஸ்வரர் தெருவில் இருக்கும் ரசிக ரஞ்சனி சபாவைச் சொன்னார்.

இந்த வரி எனக்கு வலிக்கிறது. அவருடைய வாழ்க்கை முழுவதையும் மதிக்கிறவன் என்பதால் கூடுதலாக வலிக்கிறது. ஆடும் பெண்ணுக்குச் சபாதான் இடம், சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இல்லை என்ற எண்ணம் இந்த ஊரில் ஆழமாக வேரோடியது. கலாக்ஷேத்திராவை எழுப்பிய ருக்மிணி தேவியின் கையே ஒரு சட்டத்துக்கு வித்திட்டது என்பதைத் தென்சென்னைக்கு நினைவூட்டியிருக்கவேண்டியவர் அவர். வைஜயந்திமாலா ஏறத்தாழ 48,000 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1989இல் மறுபடியும் வென்றார். பின்னர் மாநிலங்களவைக்கும் போனார்.

ஒரு மனிதரின் பதிவைக் காப்பது என்றால் அவர் தவறிய வரியையும் சேர்த்துக் காப்பதுதான். எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று நான் தேர்ந்தெடுத்தால், செழியன் எதற்காக அந்த 525 பக்கங்களை மீட்டாரோ அதற்கு நான் விரோதம் செய்தவனாவேன்.

*

லஸ்ஸிலிருந்து அடையாறு வரைக்கும் பேருந்து நிறுத்தங்களில் நிழற்குடைகள் இருக்கின்றன. சிலவற்றின் நெற்றியில் எம்.பி. பெயர், எந்த நிதி, எத்தனை லட்சம் என்று எழுதியிருக்கும். வெயிலுக்கு நிற்பவர்கள் அதன் அடியில் ஒதுங்குகிறார்கள், நானும் ஒதுங்கியிருக்கிறேன்.

எம்.பி. நிதித் திட்டம் 1993 டிசம்பரில் வந்தது. 1994-95 முதல் ஆண்டுக்கு ஒரு கோடி என்றிருந்தது, 1998இல் இரண்டு கோடியானது, 2011இல் ஐந்து கோடியானது. செழியன் இதை விடாமல் எதிர்த்து எழுதினார். அவர் வாதம் பொதுக்கணக்குக் குழுவில் உட்கார்ந்தவரின் வாதம். செலவழிப்பது அரசின் வேலை. செலவைக் கேள்வி கேட்பது உறுப்பினரின் வேலை. கேட்கவேண்டியவர் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டால், அவரை யார் கேட்பது? 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஷா அறிக்கையை அவர் மீட்டதும் அதே ஆண்டு.

நிழற்குடையில் ஒதுங்கும் பெண்ணிடம் போய் இந்தத் தத்துவத்தைச் சொல்ல எனக்கு மனம் வராது. அவளுக்கு நிழல் வேண்டும். ஆனால் அந்த நிழலைத் தரவேண்டியது மாநகராட்சி. அது தரவில்லை என்றால் ஏன் என்று கேட்க ஒருவர் வேண்டும். கேட்பவரே கட்டித் தந்துவிட்டால், கேள்வி நின்றுபோகிறது. அடுத்த நிறுத்தத்தில் நிற்பவள் வெயிலிலேயே நிற்கிறாள்.

*

அவசரநிலையில் மூடப்பட்ட கதவை நினைக்கும்போது இன்னொரு நாட்டின் அவையும் நினைவுக்கு வருகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் நுழைந்த பிறகு, உக்ரைன் நாடாளுமன்றத்தின் அமர்வுகளை நேரலையில் காட்டுவதை நிறுத்தினார்கள். குண்டு விழும் நகரத்தில் உறுப்பினர்கள் எங்கே எப்போது கூடியிருக்கிறார்கள் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது. காரணம் உண்மையானது. இருந்தும் கீவில் அவர்கள் கூடினார்கள், விவாதித்தார்கள், வாக்களித்தார்கள். ஆபத்தின் பெயரால் கதவு சாத்தப்படும்போது, அது உயிரைக் காக்கவா, அதிகாரத்தைக் காக்கவா என்று எப்படிப் பிரித்தறிவது? 1975இலும் ஆபத்து என்றுதான் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: உள்ளே பேசியது முழுதாக எழுதப்படுகிறதா, ஆபத்து நீங்கியதும் அது மக்கள் கைக்கு வருகிறதா.

*

செழியன் 2017 ஜூன் 6ஆம் தேதி வேலூரில் காலமானார். 94 வயது. நாளிதழ்கள் அவரை நாடாளுமன்றவாதி என்று எழுதின. அந்தச் சொல் அவருக்குப் பொருந்தும். ஆனால் அவர் அதைத் தன் இருக்கையிலிருந்து பெறவில்லை. இருக்கை போன பிறகு முப்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் காலம் முழுவதும் படித்தார், எழுதினார், கேட்டார். தோற்கடிக்கப்பட்டவருக்கு வேலை முடிந்துவிட்டது என்று அவர் நினைக்கவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. அவைக்குறிப்பு உறுப்பினர்களுக்குச் சொந்தமல்ல. அது இப்போது நாடாளுமன்ற மின்னூலகத்தில் எவரும் திறந்து பார்க்கும்படி கிடக்கிறது. என் தொகுதியின் சார்பில் யார் எந்தக் கேள்வியைக் கேட்டார், எந்த அமைச்சர் எப்படி நழுவினார் என்பதெல்லாம் தேதியோடு இருக்கிறது. அதைப் படிக்கிறவரும், படித்ததை நினைவில் வைத்து அடுத்த தேர்தலில் வாசலுக்கு வந்து கைகூப்புகிறவரிடம் திருப்பிக் கேட்கிறவரும், நாடாளுமன்றத்தின் பாதி வேலையைச் செய்கிறார்கள். அந்தப் பாதியைச் செய்ய யாருடைய வாக்கும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் தென்சென்னை உறுப்பினரின் கேள்விகளை உட்கார்ந்து படிப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பலவும் வறண்டவை. படித்துக்கொண்டேதான் இருப்பேன்.